கண்மாய்க்கு வராதவள் பெயர்

சேசு மரி சூசை துணை

காளவாசல், மதுரை
திருவருகைக்காலம் இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் எஸ்தருக்கு அம்மா எழுதுவது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உன் பின்லாந்துப் பேராசிரியை அம்மாவிடமிருந்து பதில் வந்தபோது நம் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் நான், உன் அப்பா, உன் தம்பி ஆன்சன், அப்பாவுடைய சிநேகிதர் பிளக்ஸ் கடை பாண்டிராஜ், ஆக நாலு பேர். எதிர்வீட்டுப் பெண் கறிவேப்பிலை கேட்டு வாசலில் நின்றுவிட்டுப் போனாள், உள்ளே வரவில்லை, அதனால் அவளைச் சேர்க்கவில்லை. நாலு பேரும் ஆண்டவர் தயவில் கைகால் சுகத்தோடு இருக்கிறோம், அப்பாவுக்குச் சர்க்கரை மட்டும் மாத்திரைக்கு அடங்காமல் ஏறி இறங்குகிறது, நீயும் இப்போது இருக்கிற அந்தப் பெர்கன் ஊர் மழையிலும் குளிரிலும் சளி இருமல் இல்லாமல் இருக்கவேண்டும் என்று ஜெபமாலையில் ஒரு பத்துமணி உனக்கென்று தனியாகச் சொல்லி வருகிறேன். உடம்பைப் பற்றிய சேதி இவ்வளவுதான். மனசைக் கேட்டால் அது நன்றாக இல்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்குக் குழம்பு தாளித்தால் அந்த வாசம்கூடப் பிடிக்கவில்லை. காரணத்தை வரிசையாக எழுதுகிறேன், நடுவில் கோபப்பட்டு நிறுத்திவிடாமல் கடைசிவரை படி.

இதைப் போனில் சொல்லலாம்தான். போனில் சொன்னால் நீ சரிம்மா சரிம்மா என்பாய், நடுவில் உன்னை யாராவது கூப்பிடுவார்கள், நான் சொல்ல வந்தது பாதியில் நிற்கும். அதுவும் போன வாரம் முழுக்க நீ போனையே எடுக்கவில்லை, வேலை இருக்கும்மா என்று இரண்டு வார்த்தை தட்டி அனுப்பினாய், அதனால்தான் தாளில் எழுதுகிறேன். ஆன்சன் இதைப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்புவான், படிக்காமல் அனுப்புடா என்று சொல்லியிருக்கிறேன், படிப்பான், படிக்கட்டும், அவனுக்கும் இதில் பங்கு இருக்கிறது.

போன மாதம் நீ அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னதை நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். பிப்ரவரியோடு இங்கே பெர்கனில் என் வேலைக்காலம் முடிகிறது, பின்லாந்தில் ஓர் இடம் கிட்டத்தட்ட கைக்கு வந்திருக்கிறது, மூன்று ரெக்கமண்டேஷன் லெட்டர் கேட்டிருக்கிறார்கள், இரண்டு வந்துவிட்டது, மதுரையில் பிஎச்.டி.க்கு இருந்த பழைய கைடு சார் மட்டும் போடாமல் இழுக்கிறார், நேரில் ஒரு எட்டுப் போய் ஞாபகப்படுத்துங்களப்பா, அது இல்லாவிட்டால் இடமும் இல்லை, விசாவும் இல்லை என்றாய். போஸ்ட்டாக் என்றால் என்ன என்று நீ எனக்கு உட்கார வைத்துச் சொன்னதில்லை, நானாகத் தெரிந்துகொண்டதுதான். முதலில் டாக்டர் பட்டம் வாங்கினவர்களுக்கு அரசாங்கம் போடுகிற போஸ்டிங் என்றுதான் நானும் நினைத்திருந்தேன், உன் அத்தைமார் இன்றைக்கும் போஸ்டிங் வந்துருச்சா, எந்த ஊருல போட்டுருக்காக என்றுதான் கேட்கிறார்கள். அந்தப் பின்லாந்து விளம்பரத்தை ஆன்சன் எடுத்துக் கொடுக்க, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மத்தியானம் முழுக்க வரி வரியாகப் படித்தேன். டாக்டர் பட்டம் வாங்கினவர்களுக்கான தற்காலிக ஆராய்ச்சி வேலைதானாம், இரண்டு வருஷம், அதற்குப் பிறகு நிதி இருந்தால் ஒரு வருஷம், இல்லாவிட்டால் கிளம்ப வேண்டியது. படித்து முடித்ததும் எனக்கு என் அய்யாவும் அம்மாவும் அலங்காநல்லூர்ப் பக்கம் அறுப்புக்குப் போனதுதான் கண்முன் வந்தது. ஒரு வயல் முடிந்தால் அடுத்த வயலுக்கு யார் கூப்பிடுவார்கள் என்று வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள், போன வயல்காரர் இவுக நல்லா அறுப்பாக என்று ஒரு வார்த்தை சொன்னால்தான் அடுத்த வயல், அந்த ஒரு வார்த்தைக்காக என் அம்மா அவர் வீட்டு மாட்டுக்கொட்டத்தைக் கூலியில்லாமல் கூட்டிக் கழுவிக் கொடுப்பாள். அந்தக் கொட்டம் கூட்டுகிற வேலை எங்களோடு போகட்டும் என்றுதான் உன்னைப் படிக்கவைத்தோம். நீ எம்.எஸ்சி. முடித்து, பிஎச்.டி. முடித்து, பனி பெய்கிற ஊருக்குப் போய் நிற்பதும் அதே வரப்பில்தான் என்று தெரிந்தபோது அந்த விளம்பரத்தைப் பார்க்கவே எனக்கு வெறுப்பாகிவிட்டது.

அப்பா மறுநாளே வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சார் வீட்டுக்குப் போனார், நான் வாரேன் என்றேன், ஆம்பளைங்க பேசிக்கிறோம் நீ இரு என்றார். திரும்பி வந்து சார் பிஸியா இருக்கார், அம்புட்டுதான் என்று சொல்லிவிட்டுச் சோற்றில் கைவைக்காமல் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு நான்கைந்து நாள் பாண்டிராஜ் கடையே கதி என்று இருந்தார். அங்கே என்ன நடந்தது என்பதைப் பாண்டிராஜ் வாயாலேயே பின்னால் கேட்டேன். மகளுக்கு ஒரு சிபாரிசு லெட்டர் வரமாட்டேங்குது என்று அப்பா சொல்ல, சிபாரிசுதானண்ணே, ஒண்ணு எதுக்கு, மூணாப் போடுவோம், கூடக் கிடந்தா கெட்டா போகப்போகுது என்றிருக்கிறார். நம் வார்டுக் கவுன்சிலர், கல்யாண மண்டபத்துக்காரர், மாட்டுத்தாவணியில் பஸ் விடுகிற முதலாளி, இந்த மூன்று பேருக்கும் லெட்டர்பேடு அடித்துக் கொடுப்பது பாண்டிராஜ் கடைதான், அதனால் கடிதம் அடிக்கவும் தாள் அங்கேயே இருந்தது, கையெழுத்துக்கு மட்டும்தான் போய் வந்திருக்கிறார்கள். வாசகம் எழுதியது உன் அப்பா. முப்பது வருஷம் மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் நன்னடத்தைச் சான்றிதழ் எழுதிய கை அல்லவா, அதே போக்கில் எழுதிவிட்டார். செல்வி எஸ்தர் என்பார் எனது வார்டில் நெடுங்காலமாகக் குடியிருந்து வரும் ஏழை எளிய குடும்பத்தைச் சார்ந்தவர், நல்ல பழக்கவழக்கம் உடையவர், அன்னாருக்குத் தங்கள் இலாகாவில் காலியாக உள்ள பணியிடத்தை வழங்கி ஆவன செய்யுமாறு அன்புடன் பரிந்துரைக்கிறேன். அடியில் வட்ட முத்திரை. மண்டபத்துக்காரர் உன்னை வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறார், ஒரு பந்தியில் நீ மோர் கேட்டு வாங்கினாயாம், அவர் எழுதியிருப்பது சிறு வயது முதல் நன்கு அறிவேன் என்று. இதையெல்லாம் ஆன்சன் போனிலேயே இங்கிலீஷில் மாற்றி, முத்திரை தெரியும்படி படம் பிடித்து, விளம்பரத்தின் கீழே இருந்த விலாசத்துக்கு அப்பா பெயரில் அனுப்பிவிட்டான். இத்தனையும் எனக்குத் தெரியாமல். நம் வீட்டில் உப்பு வாங்கினால்கூட நோட்டில் எழுதுகிறவள் நான், இதை மட்டும் என் கண்ணில் காட்டவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பதில் வந்ததும்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. பாண்டிராஜ் அன்றைக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார், மதினி, இனிப்பு ஏதாச்சும் கிண்டி வச்சிருக்கீகளா, பிள்ளைக்கு வேலை கன்பார்ம் ஆகப் போகுது என்று உட்கார்ந்தார். ஆன்சன் ஒவ்வொரு வரியாக வாசித்துத் தமிழில் சொன்னான். மூணு பேருக்கும் நன்றி சொல்றாங்கப்பா என்றான், பாண்டிராஜ் தொடையைத் தட்டிக்கொண்டார். எஸ்தர் ஊர்ல அவளுக்கு இம்புட்டு ஆதரவு இருக்கிறது சந்தோசம்ங்கிறாங்க. ஆனா இவங்க மூணு பேரும் அவ ஆராய்ச்சி வேலைய நேர்ல பாத்தவங்களான்னு கேக்குறாங்க, வேலையப் பாத்தவங்க எழுதினாத்தான் எடுத்துக்கிருவாங்களாம். உடனே பாண்டிராஜ், வேலையப் பாத்தவுகளா, வேலை குடுத்தாத்தானடா மாப்ள பாக்க முடியும், என்ன பேசுறாக இவுக என்றார். கைடு எழுத வேண்டிய கடிதத்துக்கு இருபதாம் தேதிவரை பொறுத்திருக்கிறோம், அதற்குமேல் அடுத்தவர்களைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று முடித்திருந்தார்கள். பாண்டிராஜ், அப்பக் கலெக்டர்கிட்டயே வாங்கிருவமாண்ணே என்றார். நல்ல மனுஷர், உன்மேல் உயிர், ஆனால் அந்த நிமிஷம் எனக்கு எழுந்து உள்ளே போய்விடலாமா என்று இருந்தது. உன்னைத் தெரியாத மூன்று பேர் உன் ஏழ்மையைச் சொல்லிக் கடல் தாண்டிக் கையேந்தியிருக்கிறார்கள், அதை அந்த அம்மா மரியாதையாகத் திருப்பித் தந்திருக்கிறார்கள். சிபாரிசு என்றால் நம் ஊரில் ஒரே அர்த்தம்தான், தகுதி பத்தாதவனுக்காகப் பெரியவன் பேசுவது. அவர்கள் ஊரில் அந்தச் சொல்லுக்குச் சாட்சி என்று அர்த்தமாம். இது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது, உன் அப்பாவுக்கும் விளங்கியது, அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் திட்ட நினைத்ததைத் திட்டவில்லை.

பாண்டிராஜ் போன பிறகு அப்பா, சார் ஒண்ணு கேட்டார் விக்டோரியா, நான் உன்கிட்டச் சொல்லல என்று ஆரம்பித்தார். உன் தட்டான்பூச்சிக் கட்டுரை ஒன்று இன்னும் அச்சுக்குப் போகாமல் இருக்கிறதாமே, அதில் சாருடைய மகள் அஸ்வினியின் பெயரை உன் பெயருக்கு அடுத்ததாகச் சேர்க்கவேண்டுமாம், அந்தப் பிள்ளை அமெரிக்காவுக்கு மேல்படிப்புக்கு எழுதிப் போடுகிறதாம், ஒரு பேப்பர் இருந்தால் அனுகூலமாக இருக்குமாம். சேர்த்துவிட்டு ஒரு மெயில் போடச் சொல்லுங்க, மறுநாளே லெட்டர் போட்டுடறேன் என்றாராம். அப்பா மகள்கிட்டச் சொல்றேன் சார் என்று கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறார். உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை, என்னிடம் சொல்லத் தைரியம் வரவில்லை, அதற்குப் பதிலாகத்தான் கவுன்சிலரிடம் போயிருக்கிறார். அவரை என்ன சொல்ல.

அந்தக் கட்டுரைக்காக நீ வேலை செய்த கண்மாய்க்கு இரண்டு மழைக்காலம் யார் யார் வந்தார்கள் என்று எனக்குத் தெரியும். நீ வந்தாய், வாளி தூக்க நான் வந்தேன், வலை இழுக்க ஆன்சன் வந்தான், ஆன்சனுக்குப் பரீட்சை இருந்த நாட்களில் அப்பா வந்தார். விடிவதற்கு முன்னால் முதல் பஸ்ஸில் போய் இடுப்பளவு தண்ணீரில் நீ நின்று சேற்றைத் துழாவித் தட்டான் புழுக்களைத் தட்டில் கொட்டி எண்ணுவாய், கரையில் போகிறவர்கள் அம்புட்டுப் படிச்சிட்டுத் தட்டான் பிடிக்குது பாரு என்று சிரிப்பார்கள், உன் சித்தப்பா மகன் உனக்குத் தட்டான் டாக்டர் என்றே பெயர் வைத்தான், அட்டை கடித்த தடம் இன்னும் உன் கெண்டைக்காலில் இருக்கும். சார் ஒரே ஒரு நாள் காரில் வந்தார், கரையில் நின்று படம் எடுத்துக்கொண்டார், செருப்பில் சேறு படும் என்று இறங்கவில்லை. அவர் பெயர் கட்டுரையில் கடைசியில் வருவது முறை என்று நீ சொன்னாய், உங்கள் முறை எனக்குத் தெரியாது, சரி என்று விட்டேன். என் பெயரைக் கீழே நன்றி என்ற வரியில் மட்டும் போட்டாய், அதுதான் நியாயம், நான் வாளி தூக்கினேன், ஆராய்ச்சி செய்யவில்லை. அஸ்வினி அந்தக் கரையை மிதித்ததில்லை. கண்மாய் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

அதனால் நேற்றுத் திங்கட்கிழமை பூசை முடிந்ததும் நானே சார் வீட்டுக்குப் போனேன். வெறுங்கையோடு போகக்கூடாது என்று ஒரு கிலோ ஆப்பிள் வாங்கிக்கொண்டேன். கேட்டைத் திறந்தது அஸ்வினிதான், ஆன்ட்டி வாங்க, எஸ்தர் அக்கா நல்லாருக்காங்களா, அங்க ஸ்நோ பெய்யுதா என்று ஆசையாகக் கேட்டது. அந்தப் பிள்ளைமேல் எனக்குக் கோபம் வரவில்லை, அதற்கு இது தெரியுமோ தெரியாதோ. வராந்தாவில் எனக்கு முன்னாலேயே கல்லூரி ஊழியர் ஒருவர் ஏதோ கையெழுத்துக்காக உட்கார்ந்திருந்தார். சார் வீட்டம்மா காப்பி கொண்டு வந்தார்கள், அவருக்கு எவர்சில்வர் டம்ளரில், எனக்குப் பேப்பர் கப்பில். நான் அதைக் கையில் வாங்கிப் பக்கத்தில் வைத்தேன், அப்படியே ஆறி ஆடை கட்டியது, குடிக்கவில்லை. இதை உன்னிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன், ஆனால் இருந்தது இருந்தபடி எழுதுவதென்று உட்கார்ந்த பிறகு ஒன்றை மட்டும் மறைப்பானேன்.

அந்த ஊழியர் போனதும் சார் வந்து உட்கார்ந்தார். குரல் ஒரு துளி உயரவில்லை, சிரித்த முகம். உங்க வீட்டுக்காரர்கிட்ட விவரமாச் சொன்னேனேம்மா என்றார். பிறகு எனக்குப் பாடம் எடுக்கிற மாதிரி, ரிசர்ச்ங்கிறது ஒரு குடும்பம்மா, ஒருத்தருக்கொருத்தர் கைகொடுத்தாத்தான் மேல வரமுடியும், எஸ்தருக்கு நான் எவ்வளவு செஞ்சிருக்கேன், ஒரு பேப்பர்ல ஒரு பேர் கூடினா அவ பேர் என்ன தேஞ்சா போயிரும் என்றார். எனக்கு என் கல்யாணம் ஞாபகத்துக்கு வந்தது, அதைச் சொன்னேன். செலவில் பாதியைக் கொடுத்த என் தாய்மாமா திண்டுக்கல்லிலிருந்து வந்து சேர்வதற்குள் தாலி கட்டி முடிந்துவிட்டது, வந்தவர் நேரே கோயில் சக்கிரீஸ்து அறைக்குப் போய்ச் சாட்சிக் கையெழுத்து நான்தான் போடுவேன் என்று பேனாவைப் பிடித்துக்கொண்டார், சாமியார் நோட்டை மூடி அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, பணம் குடுத்தவங்க பேரை எழுதுறதுக்கு வேற நோட்டு இருக்கு மாணிக்கம், இது கண்ணால பாத்தவங்க நோட்டு என்றார். மாமா ஒரு வருஷம் எங்களோடு பேசவில்லை, ஆனால் அந்தப் பக்கத்தில் இன்றைக்கும் பார்த்தவர்கள் பெயர்தான் இருக்கிறது. உங்கள் கட்டுரையும் அந்த மாதிரி நோட்டுதானே சார் என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, அம்மா, அது கோயில், இது சயின்ஸ், ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க என்றார்.

அதற்குப் பிறகு சொன்னதுதான் என்னை இந்தக் கடிதத்தை எழுத வைத்தது. நீங்க எதுக்கும்மா வெயில்ல அலையிறீங்க, உங்க பொண்ணு ஒத்துக்கிட்டாளே, நானே அவளுக்கு எழுதிக் கேட்டேன், வெள்ளிக்கிழமையே பதில் போட்டுட்டா, அஸ்வினி பேரைச் சேத்துடறேன் சார்னு, இந்த வாரம் லெட்டர் போயிரும், நீங்க நிம்மதியா இருங்க என்றார். போனை எடுத்து, வேணும்னா பாருங்க என்று என் பக்கம் நீட்டினார். நான் பார்க்கவில்லை. கண்ணாடி கைப்பையில்தான் இருந்தது, எடுத்துப் போட்டுப் பார்த்திருக்கலாம், என் மகள் என்ன செய்தாள் என்பதை இந்த மனுஷன் கையிலிருந்து நான் தெரிந்துகொள்ளப் போவதில்லை என்று தோன்றியது, எழுந்துவிட்டேன். ஆப்பிளையும் எடுத்துக்கொண்டுதான் வந்தேன், கேட்டுவரை வந்துவிட்டுத் திரும்பிப் போய் எடுத்தேன், வெட்கமாக இல்லை. செலவு நோட்டில் அதை வீட்டுக்கு என்று எழுதிவிட்டேன்.

எஸ்தர், இப்போது சொல்வதைக் கவனமாகப் படி. பஸ்ஸில் உட்கார்ந்ததும் ஒரு நிமிஷம் எனக்கு அப்பாடா என்று இருந்தது. கடிதம் போய்விடும், பிள்ளைக்கு இடம் கிடைத்துவிடும், பிப்ரவரியில் பெட்டியோடு நடுத்தெருவில் நிற்க மாட்டாள் என்று நினைத்துக் கையை நெஞ்சில் வைத்து மாதாவுக்கு நன்றிகூடச் சொன்னேன். பைபாஸ் ரோடு சிக்னலில் பஸ் நின்றபோதுதான் நான் எதற்கு நன்றி சொன்னேன் என்று உறைத்தது. சாரை நினைத்து எனக்கு வந்த அருவருப்பு ஒன்று, கவுன்சிலர் லெட்டரை நினைத்து வந்தது ஒன்று, இந்த அப்பாடாவை நினைத்து வந்தது எல்லாவற்றையும்விடப் பெரியது. நான் இப்படி என்றால், அங்கே தனியாக, நாலு மாதமாக இருபது முப்பது இடத்துக்கு எழுதிப் போட்டு, பாதிப் பேர் பதில்கூடப் போடாமல் விட்ட பிறகு, உன் மனசு எப்படி இருக்கும் என்றும் நினைத்துப் பார்த்தேன். சார் சொன்னது பொய்யாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். வீட்டுக்கு வந்த பிறகு போன வாரம் நீ போனை எடுக்காதது ஞாபகத்துக்கு வந்தது. அதிலிருந்து எது உண்மை என்று எனக்குத் தெரியவில்லை.

நீ சேர்க்கவில்லை என்றால் சேர்க்காதே. சேர்த்துவிட்டாய் என்றால் எடுத்துவிடு, அச்சுக்குப் போவதற்குள் எடுத்துவிடலாம்தானே, நீயே சாருக்கு எழுது, மரியாதையாக எழுது, ஆனால் எழுது. அந்தப் பேராசிரியை அம்மாவுக்கும் பழைய கைடிடமிருந்து கடிதம் ஏன் வரவில்லை என்று உள்ளதைச் சொல்லிவிடு, அவர்கள் ஏற்றாலும் ஏற்காவிட்டாலும் சரி. கவுன்சிலர் கடிதத்துக்கே பொறுமையாகப் பதில் போட்டவர்கள், வேலையைப் பார்த்தவர்களா என்று கேட்டவர்கள், அந்தக் கேள்வியைக் கேட்கத் தெரிந்தவர்களுக்கு இது புரியாமல் போகாது என்று என் மனசு சொல்கிறது, ஆனால் அது என் மனசுதான், அவர்களுடையது இல்லை. உன் பிஎச்.டி. வைவாவில் கேள்வி கேட்கக் கொல்கத்தாவிலிருந்து வந்தார்களே ஓர் அம்மா, வைவா முடிந்த கையோடு கண்மாயைக் காட்டு என்று கேட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்களே, நம் வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போனார்களே, அவர்களிடம் கேட்டாயா. அவர்கள் உன் வேலையைப் பார்த்தவர்கள், சாட்சி என்று சொன்னால் அவர்கள் சொல்லலாம். கேட்டிருக்க மாட்டாய், பெரியவர்களைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று கூச்சப்பட்டிருப்பாய், அந்தக் கூச்சம் உன் அப்பாவிடமிருந்து வந்தது.

இடம் போனால் போகிறது என்று நான் லேசாகச் சொல்லவில்லை. இங்கே வந்தால் உனக்கு என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியவில்லை. கல்லூரிகளில் மணிக்கணக்குக்குச் சம்பளம் போட்டு வைத்துக்கொள்வார்கள், நிரந்தரம் என்றால் கேட்கிற தொகையைச் சொன்னால் உனக்கு மயக்கம் வரும், உறவுக்காரர்கள் வெளிநாட்டுலருந்து திருப்பி அனுப்பிட்டாகளா என்று வாசலிலேயே கேட்பார்கள், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், என் அம்மா கொட்டம் கூட்டினாள், அது அவள் கை அழுக்கு, கழுவினால் போய்விட்டது. நீ இப்போது இந்தப் பெயரைச் சேர்த்தால், நாளைக்கு உன்னிடம் படிக்க வருகிற பிள்ளையிடம் நீயும் ஒரு பெயரைக் கேட்பாய். இன்றைக்கு இல்லை என்பாய், கேட்பாய். சாரும் ஒரு காலத்தில் யாருக்கோ ஒரு பெயரைச் சேர்த்துக் கொடுத்தவராகத்தான் இருப்பார்.

நீ வயிற்றுக்காகவும் எங்களுக்காகவும்தான் செய்திருப்பாய் என்று எனக்குத் தெரியும், செய்திருந்தால் உன்னை வெறுத்துவிட மாட்டேன், ஆனால் அது சரி என்றும் சொல்ல மாட்டேன், இரண்டையும் சேர்த்தே வைத்துக்கொள்.

மற்றபடி ஊரில் இந்த வருஷம் நல்ல மழை, கண்மாய் நிரம்பி மறுகால் போகிறது, நீ நிற்கிற இடத்தில் இப்போது ஆள் முங்கும் என்று ஆன்சன் சொன்னான். ஆன்சனுக்கு மொபைல் கடையில் பொங்கல் கழித்துச் சம்பளம் ஏற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள், எனக்கு நம்பிக்கையில்லை. மாடித் தளத்தில் ஒழுகுகிற இடத்துக்குத் தார் பூசினோம், இப்போது வேறு இடத்தில் ஒழுகுகிறது. அப்பா இரண்டு நாளாக யாரோடும் பேசுவதில்லை, பாண்டிராஜ் வந்து கூப்பிட்டும் போகவில்லை, தன்னால் உன் வேலை கெட்டுவிட்டது என்று நினைக்கிறார். அவருக்குத் தனியாக இரண்டு வரி எழுது, திட்டி எழுதினாலும் பரவாயில்லை, எழுதாமல் மட்டும் இருக்காதே. உலர்ந்த காலுறையை மட்டும் போடு, ஈரத்தோடு ஆராய்ச்சிச் சாலையில் நிற்காதே. தலைக்கு எண்ணெய் வைக்கிற வழக்கத்தை விட்டுவிட்டாய் என்று படத்தைப் பார்த்தாலே தெரிகிறது. கிறிஸ்துமஸ் பூசைக்கு அங்கே கோயில் எவ்வளவு தூரமானாலும் போ, பாஷை புரியாவிட்டாலும் போ. குழந்தை யேசு உன்னைத் தன் கைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும், மாதா உன் வாசலில் நிற்கட்டும், நீ போகிற வழியெல்லாம் வெளிச்சமாக இருக்கட்டும்.

எனக்கு வேண்டியது ஒரே வரிதான். அஸ்வினி பெயரைச் சேர்த்தாயா, சேர்க்கவில்லையா. சீக்கிரம் பதில் எழுது.

உன் அம்மா
ம. விக்டோரியா